சோத்தாங்கைப் பக்கம்

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டில் யாராவது நின்று, "என்ன பீவியம்மா, சொகமா இருக்கியளா?" என்று கேட்டால் ஹைருன் பீவிக்கு ஆள் உடனே பிடிபடாது. பொதுவாகச் சிரித்து வைப்பாள். எதிராளி பேசப் பேச அவள் கண் மெல்ல வாய்க்கு இறங்கும். அப்புறம்தான் முகம் தெளியும். "கீழ கடைசிக்கு முந்தினது, பிறைப் பல்லு. ஆய்க்குடி டீச்சர்லா நீங்க?" என்பாள். பெயரை மறந்துவிட்டுப் பல்லை மட்டும் நினைவில் வைத்திருப்பதற்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் டீச்சர் பஸ் ஏறுவார்.

எட்டாம் வகுப்பு வரை என்னோடு படித்தவள். நான் அதன் பிறகு இங்கிலீஷ் பள்ளிக்குப் போய், அப்படியே நாட்டை விட்டும் போய்விட்டேன். அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தாள். பத்தொன்பது வருஷத்தில், டாக்டர் கையை நீட்டுவதற்கு முன்பே எந்தக் கருவி வேண்டும் என்று தெரிந்துகொள்கிற ஆளாகிவிட்டாள். நான் ஊருக்கு வந்தால் பல்லைக் காட்டாமல் விமானம் ஏறுவதில்லை. அங்கே போய் வலித்தால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. போன தடவை அப்படிப் போய் உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் இதைச் சொன்னாள். திரும்பி வந்த பிறகு டாக்டருக்கும் இதில் வருகிற குருவம்மாளுக்கும் போன் போட்டு, நான் கேட்டது சரிதானா என்று ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டேன். தப்பாக எழுதிவிடக் கூடாது.

டாக்டர் சாருலதாவின் பெற்றோர் தென்காசிக் கோயில் தெருவிலிருந்து சென்னைக்குக் குடிபோனவர்கள். இவர் மட்டும் திரும்பி வந்து குத்துக்கல்வலசையில் இந்தப் பல் ஆஸ்பத்திரியை வைத்தார். வைத்ததோடு நிற்கவில்லை. இந்தப் பக்கத்து ஜனங்களின் கடைவாய்ப் பற்களுக்கு எத்தனை வேர், ஒவ்வொரு வேருக்குள்ளும் எத்தனை வழி என்று எண்ணிப் பார்க்க ஆரம்பித்தார்.

கடைவாய்ப்பல்லை நாம் வெளியிலிருந்து ஒரு கல்லைப்போலப் பார்க்கிறோம். பிடுங்கிப் பார்த்தால் அது முக்காலி. ஈறுக்குள் கால் ஊன்றி நிற்கிறது. ஒவ்வொரு காலுக்குள்ளும் நரம்பு இறங்கிப் போக மயிரிழை அகலத்தில் ஒரு பாதை, சிலதில் இரண்டு. மேல் பல்லுக்கு மூன்று கால்; கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல் என்றால் பெரும்பாலும் இரண்டு கால், மூன்று பாதை. ஆனால் எல்லோருக்கும் அப்படி இல்லை. சிலருக்குக் கால் ஒட்டிப் பிறக்கும், சிலருக்கு ஒன்று கூடப் பிறக்கும். பல்லுக்குள் சீழ் வைத்து வேர் சிகிச்சை செய்கிறவர் எல்லாப் பாதையையும் கண்டுபிடித்துச் சுத்தம் செய்து அடைக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால், மேலே பூசியிருப்பது எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே அழுகிக்கொண்டேதான் இருக்கும்.

ஹைருன் பீவிக்கு இவற்றின் புத்தகப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. அவளே பெயர் வைத்தாள். மேல் பல்லில் ஒளிந்திருக்கும் நாலாவது பாதை கள்ளவழி. கால்கள் ஒட்டிப்போய், குறுக்கே வெட்டினால் பாதை வளைந்த கோடாகத் தெரிகிறதே, அது பிறை. கீழ்ப் பல்லில் இரண்டு காலுக்குப் பின்னால், நாக்குப் பக்கமாக, மூன்றாவதாக ஒரு சின்னக் கால் கொக்கிபோல வளைந்து நிற்கும். அது சுண்டுவிரல். நாளடைவில் டாக்டரும், "பீவிக்கா, இது சுண்டுவிரலான்னு பாருங்கோ" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பல் எடுக்க வருகிறவர்களிடம், ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். சொத்தைப் பல்லை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று எல்லோரும் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பல் போகும் புட்டியில் பெயர் இருக்காது. தேதியும், எந்தப் பல் என்கிற எண்ணும் மட்டும். ஆளும் பல்லும் சேர்ந்து தெரியக் கூடாது என்பது ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுத்த கல்லூரிக்காரர்கள் விதித்த முறை.

அதன் பிறகு நடப்பதுதான் விசேஷம். பல்லின் தலையில் துளை போட்டு நீல மையை உள்ளே செலுத்துவார்கள். பிறகு நாள்கணக்கில் அமிலம், தண்ணீர், ஆல்கஹால். கடைசியில் தசைவலிக்குத் தேய்க்கிற தைலம் வாசனை அடிக்கும் ஓர் எண்ணெயில் போட்டால், இரண்டு மணி நேரத்தில் பல் மறைந்துபோகும். மறைவது என்றால் கண்ணாடி ஆகிவிடும். வெளியே ஒன்றும் இல்லாமல், உள்ளே ஓடும் நீலப் பாதை மட்டும் எண்ணெயில் மிதப்பதுபோலத் தெரியும். முதல் பல் அப்படி ஆன அன்று ஹைருன் பீவி வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடவில்லை. மனுஷ உடம்பிலிருந்து எது விழுந்தாலும் மண்ணில் புதைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கப்பட்டவள். கணவர் ஆதமிடம், "நம்ம செய்யுதது சரியான்னு தெரியலங்க" என்றாள். "படிப்புக்குத்தான செய்யுதாவ? முடிஞ்சதும் புதைச்சிருங்கன்னு டாக்டர்ட்ட ஒரு வார்த்தை சொல்லி வை" என்றார் அவர். சொல்லி வைத்தாள். டாக்டரும் சரி என்றார்.

ஆனி மாதம் ஒரு நாள் மத்தியானம், சிவகிரியிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். ஐம்பது, ஐம்பத்திரண்டு இருக்கும். பேர் குருவம்மாள். கூடவே அவள் தம்பி பரமசிவன், போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். டோக்கன் வாங்கவில்லை. எல்லோரும் போகும்வரை நாற்காலியில் இருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

"இங்கன பல்லு பிடுங்குனா, அந்தப் பல்லை என்னம்மா செய்வீய?"

"எதுக்கு அக்கா கேக்கிய?"

"இருக்கா, இல்லையான்னு சொல்லு தாயி. எம் மவன் பல்லு ஒண்ணு இங்கன இருக்கு."

மகன் இசக்கிராஜா பட்டாளத்தில் இருந்தான். இருபத்தேழு வயது. தை மாதம் வடக்கே எல்லையில் பனிச்சரிவு. அவனோடு போனவர்களில் சிலர் கிடைத்தார்கள். அவனும் இன்னும் இருவரும் கிடைக்கவில்லை. மாதக்கணக்கில் தேடிப் பார்த்துவிட்டு, இனி இல்லை என்று கடிதம் வந்தது. ஒரு பெட்டி வந்தது. அதில் அவன் உடுப்பு, ஷூ, ஷேவிங் செட்.

"ஆடி அமாவாசைக்குக் குத்தாலத்துல வச்சு முடிச்சிரலாம்னு ஊருல சொல்லுதாவ. உடம்பு இல்லாததுக்கு வைக்கோல்ல பொம்மை செஞ்சு எரிக்கணுமாம்" என்றார் பரமசிவன்.

"வைக்கோலையா நான் பெத்தேன்?" என்றாள் குருவம்மாள் தம்பியைப் பார்க்காமலே. பிறகு ஹைருன் பீவியிடம், "வீடு பூராத் தேடிட்டேம்மா. ஒரு நகம் கெடையாது, ஒரு முடி கெடையாது. சீப்புல இருந்த முடியை எடுத்து வச்சேன். அது அவன் தங்கச்சி முடியாம். அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. போன வருசம் லீவுல வந்தவன், ரயிலேறுத அன்னைக்குக் காலையில இங்கன வந்துதான் பல்லை எடுத்துட்டுப் போனான். வைகாசி முதத் தேதி."

ஹைருன் பீவி பதிவு நோட்டை எடுத்தாள். மே பதினைந்து. இசக்கிராஜா, வயது இருபத்தாறு, பல் எடுத்தது. அதற்கு மேலே இன்னொரு பெயர், அவருக்கும் பல் எடுத்தது. எந்தப் பல் என்பது கையில் கொடுத்துவிடும் சீட்டில்தான் இருக்கும். சீட்டு அவனோடு போய்விட்டது. பற்களின் நோட்டைத் திருப்பினாள். அதே தேதியில் இரண்டு. இரண்டும் கீழ்த்தாடை, முதல் கடைவாய்ப்பல். ஒன்று வலது, ஒன்று இடது.

இடது பல்லை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சுண்டுவிரல். அந்த வருஷம் கிடைத்ததிலேயே அழகான சுண்டுவிரல் அதுதான். ஏற்கெனவே கண்ணாடியாகி அலமாரியில் இருக்கிறது. அதைப் பிடுங்கிக்கொண்டு போனவன் முகத்தை எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"எந்தப் பக்கம் வலின்னு சொன்னான் அக்கா? ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? போன்ல எத்தனை தடவை சொன்னான். சோத்தாங்கைப் பக்கம் கீழ, சோத்தாங்கைப் பக்கம் கீழன்னு சொல்லிக்கிட்டே கெடந்தான்."

சோத்தாங்கை என்றால் வலது. அதில் இந்த ஊரில் பிறந்தவர்களுக்குச் சந்தேகமே வராது. வலது பல் இன்னும் முறை வராமல் புட்டியில் முழுசாக இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த டாக்டர், "கொடுத்துடுங்கோ பீவிக்கா" என்றார். அவள் அதைக் கழுவிப் பஞ்சில் சுற்றிச் சின்ன டப்பாவில் வைத்துக் கொடுத்தாள். குருவம்மாள் டப்பாவைத் திறக்கவில்லை. முந்தானையில் முடிந்து, முடிச்சைக் கையால் பொத்திக்கொண்டு பஸ் ஏறினாள். நல்லவேளை, அந்தக் கண்ணாடிப் பல் இவள் மகனுடையதாக இல்லாமல் போயிற்றே என்று ஹைருன் பீவி அன்றைக்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள். அதை எப்படி எடுத்துக் கொடுத்திருப்பாள்?

அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம் குருவம்மாள் போன் செய்தாள். நாளைக்கு விடியக்காலம் குற்றாலத்தில் காரியம், மத்தியானம் வீட்டில் படையல், நீயும் ஒரு எட்டு வந்துவிட்டுப் போ என்றாள். பின்னால் பரமசிவனின் சத்தம் கேட்டது. ஏதோ வாக்குவாதம்.

"என்னக்கா, சத்தம்?"

"ஒண்ணுமில்ல. இலை போடுததுலதான் சண்டை. படையலுக்கு இலையைத் திருப்பிப் போடுன்னா அவன் மாட்டேங்கான். அது மொறை இல்லையாம். நுனி அந்தப் பக்கம் இருந்தா எம்புள்ளைக்குச் சாப்பிடத் தோதுப்படாதுல்ல?"

"ஏன்?"

"அவன் நொட்டாங்கைக்காரன்லா. சின்னப் பிள்ளையில கையைக் கட்டிப் போட்டுப் பாத்தேன், சூடு போட்டுப் பாத்தேன். பட்டாளத்துல துப்பாக்கியை எந்தக் கையில பிடிச்சானோ, சோறு மட்டும் கடைசி வரைக்கும் அந்தக் கையிலதான். எங்க அம்மா திட்டும், ஏலே சோத்தாங்கையால தின்னுலேன்னு. இவன் என்ன சொல்லுவான்? எனக்கு இதான் ஆச்சி சோத்தாங்கைன்னு இந்தக் கையை ஆட்டிக் காட்டுவான்."

ஹைருன் பீவிக்கு அடுத்து அந்தம்மாள் பேசியது எதுவும் காதில் விழவில்லை. சரிக்கா, சரிக்கா என்று சொல்லி வைத்தாள்.

சாப்பிடுகிற கை சோத்தாங்கை. அவன் சாப்பிட்டது இடது கையால். அவன் அம்மாவிடம் போனில் சொன்னது அவனுடைய கணக்கு. அம்மா ஆஸ்பத்திரியில் வந்து சொன்னது அவன் வார்த்தையை அப்படியே. கேட்டவள் புரிந்துகொண்டது ஊர்க் கணக்கு.

டாக்டர் கிளம்பிக்கொண்டிருந்தார். ஹைருன் பீவி விஷயத்தைச் சொன்னதும் திரும்ப உட்கார்ந்துவிட்டார். அலமாரியைத் திறந்து அந்தக் கண்ணாடிக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு காலில் மூன்று பாதை. மூன்றிலும் எப்போதோ யாரோ அடைத்த இளஞ்சிவப்புப் பசை. பின்னால் வளைந்து நின்ற மூன்றாவது காலில் மட்டும் அடைப்பு இல்லை. அதில் நீல மை அடி வரைக்கும் இறங்கியிருந்தது.

"இதைப் பத்தித்தான் பேப்பர் எழுதியிருக்கேன் பீவிக்கா. போட்டோ எல்லாம் எடுத்தாச்சு, அதுக்காகச் சொல்லலை. அந்தம்மாவுக்கு இப்ப ஒரு நிம்மதி வந்திருக்கு. நாளைக்குக் காலம்பறப் போய் அது உங்க பையன் பல் இல்லேன்னு சொல்லணுமா? சொல்லாட்டா யாருக்குத் தெரியும்?"

"அந்த வலப் பக்கத்துப் பல்லு யாருதுன்னு யோசிச்சியளா டாக்டர்?"

"யாரோ ஒருத்தர். நோட்டுல மேலே பேர் இருக்கே."

"அந்த மனுசன் உசிரோட இருக்காருல்லா? கடையநல்லூர்ல கடை வச்சிருக்காரு. போன மாசம்கூடக் கம்பி போட மவளக் கூட்டிட்டு வந்தாரு. நாளைக்குக் குத்தாலத்துல அவருக்குல்லா கருமாதி பண்ணப் போறாவ!"

டாக்டருக்கு ஒரு நொடி சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது. குப்பியை மேஜைமேல் வைத்தார்.

"நான் வரட்டுமா?"

"வேண்டாம். கொடுத்தது நான். நான்தான் போவணும். ஆனா இதை எப்படி டாக்டர் காட்டுவேன்? பெத்தவ கேப்பாளே, எம் புள்ள பல்லை என்ன செஞ்சீயன்னு."

"செஞ்சதைச் சொல்லுங்கோ. வேற என்ன சொல்ல முடியும்" என்றார் டாக்டர்.

காலை ஐந்தரைக்கு ஆதம் அவளைப் பைக்கில் குற்றாலத்துக்குக் கொண்டுவந்து விட்டார். குருவம்மாளின் போன் நாலு தடவையும் அடித்து ஓய்ந்தது. சாரல் விழுந்துகொண்டிருந்தது. பேரருவியில் சீசன் கூட்டமும் அமாவாசைக் கூட்டமும் ஒன்றாக இறங்கியிருந்தன. எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்கப் போகிறவர்களும், எள்ளும் தண்ணீரும் விட உட்கார்ந்திருந்தவர்களும் ஒரே ஈரத்தில் இடித்துக்கொண்டு நடந்தார்கள். போலீஸ்காரர் விசில் ஊதி வரிசையை நகர்த்தினார். முக்காடு போட்ட ஒரு பெண் படித்துறையில் ஒவ்வொரு கும்பலாக எட்டிப் பார்த்துக்கொண்டு போவதை யாரும் தடுக்கவில்லை. ஒரு கிழவர் மட்டும், "யாரைத் தேடுத மவளே? கூட்டத்துல யாராச்சும் காணாமப் போயிட்டாங்களா?" என்று கேட்டார். ஆமா என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஆறு வளைகிற இடத்தில் அவர்களைக் கண்டுபிடித்தாள். பரமசிவன் மீசையையும் தலையையும் மழித்திருந்தார். புதுக் கலயம் ஒன்று, அதில் பால், மேலே செவ்வந்தி. டப்பாவின் மூடி திறந்திருந்தது.

"அண்ணாச்சி, போட்றாதீங்க!"

பரமசிவன் நிமிர்ந்தார். குருவம்மாள் அவளைப் பார்த்து, "மத்தியானம்தான வரச் சொன்னேன்?" என்றாள்.

ஹைருன் பீவி ஈரப் படியில் உட்கார்ந்தாள். "அக்கா, அவன் சோத்தாங்கைன்னு சொன்னது நொட்டாங்கையை. நான் வலப் பக்கத்துப் பல்லைக் கொடுத்துட்டேன். இது வேற ஆளோடது" என்று மட்டும் சொன்னாள்.

முதலில் வெடித்தது பரமசிவன்.

"ஏம்மா, வெளையாடுதியா? செத்தவன் காரியத்துல போன மாசம் ஒரு பல்லு, இன்னைக்கு ஒரு பல்லா? இதையும் நாளைக்கு வேற ஆளோடதுன்னு சொல்லமாட்டேன்னு என்ன நிச்சயம்?"

"சும்மா இருலே" என்றாள் குருவம்மாள். "அது எங்க?"

ஹைருன் பீவி பையிலிருந்து குப்பியை எடுத்தாள். குருவம்மாள் அதை வாங்கி உற்றுப் பார்த்தாள். எண்ணெயும் நாலு கோடுகளும்தான் கண்ணுக்குத் தெரிந்தன.

"பல்லு எங்கட்டி?"

"அதுதான்க்கா. உள்ள பாதை தெரியணும்னு மருந்துல போட்டுக் கண்ணாடி ஆக்கிட்டோம். கையெழுத்து வாங்கிட்டுத்தான் செஞ்சோம். ஆனாலும் செஞ்சோம்."

"எம்புள்ளையக் கண்ணாடி ஆக்கிட்டியளா?" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஹைருன் பீவி தலையைக் குனிந்துகொண்டாள். அடித்திருந்தால்கூட வாங்கியிருப்பேன் என்று என்னிடம் சொன்னாள்.

குருவம்மாள் குப்பியைச் சாய்த்தாள். எண்ணெய் ஓரமாக நகர, பல்லின் விளிம்பு நீர்க்கோடுபோல ஒரு கணம் தெரிந்தது. அவள் விரல் குப்பியின்மேல் அந்தக் கோட்டைத் தொட்டது.

"இந்தச் செவப்பு என்ன?"

"அடைச்சது அக்கா. இதுக்கு முந்தி வேற எங்கயோ வேர் சிகிச்சை பண்ணியிருக்கான். மூணு பாதையை அடைச்சிருக்காங்க. எல்லாருக்கும் பெரும்பாலும் மூணுதான் இருக்கும். இவனுக்கு ஒரு கால் கூட. பின்னால மறைஞ்சி நிக்குது பாருங்க, சுண்டுவிரல் மாதிரி. அது இருக்குததே அவங்களுக்குத் தெரியல. அந்த நீலம்தான் அடைக்காம விட்ட பாதை."

"அடைக்காம விட்டா?"

"வலிச்சுக்கிட்டே இருக்கும்."

குருவம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "பார்த்தாச்சு, சரியாப் போச்சு, இனிமே வலிக்க முடியாதுன்னு பட்டாளத்து ஆஸ்பத்திரியில அவனை அனுப்பிட்டாங்களாம்" என்றாள். "நரம்பை எடுத்த பல்லு எப்படிலே வலிக்கும், டூட்டிக்கு டிமிக்கி கொடுக்கப் பாக்குதியான்னு கூட இருக்கிறவனுங்க கேலி பண்ணுதானுங்கன்னு சொன்னான். நானும்தான் சொன்னேன் தாயி. ஏலே, பட்டாளத்துக்காரன் பல்லுவலிக்கு அம்மாவக் கூப்பிடுதியேன்னு சொல்லிச் சிரிச்சேன். நெசமா வலிக்கும்மா, நீயாவது நம்பும்மான்னான். அஞ்சாறு மாசம் சொன்னான். பெறவு சொல்லுததை விட்டுட்டான்."

அவள் அழவில்லை. குப்பியைத் தம்பியிடம் நீட்டினாள். "பாருலே. நெசமாத்தான் வலிச்சிருக்கு அவனுக்கு."

பரமசிவன் வாங்கிப் பார்த்தார். மாமன் அல்லவா, அவரும் கேலி செய்திருப்பார் போலிருக்கிறது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

எண்ணெயோடு ஆற்றில் விட வேண்டாம் என்று ஹைருன் பீவிதான் சொன்னாள். பஞ்சில் ஒற்றி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தாள். எண்ணெயை விட்டு வெளியே வந்ததும் பல் மெல்ல மங்கத் தொடங்கியது. முதலில் ஓரம், பிறகு கால்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பனி படர்ந்ததுபோல வெண்மை ஏறி, நீலக் கோடு உள்ளே அமிழ்ந்து போனது. குருவம்மாள் மூன்று காலையும் விரலால் தொட்டு எண்ணினாள். சின்னக் காலைக் கொஞ்ச நேரம் கட்டை விரலால் வருடிக்கொண்டே இருந்தாள். பிறகு அவளே கலயத்தில் வைத்தாள். பரமசிவன் மார்பளவு தண்ணீரில் இறங்கி, பின்புறமாகத் தலைக்கு மேல் கலயத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஏறி வந்தார்.

மற்றப் பல் டப்பாவிலேயே இருந்தது. குருவம்மாள் அதை எடுத்து ஆற்றுத் தண்ணீரில் அலசினாள். திருநீற்றில் ஒரு சிட்டிகை அதன்மேல் போட்டாள். "யாரு பெத்த புள்ளையோ, ஒரு மாசமா எம் வீட்டுச் சாமி படத்துக்குக் கீழ இருந்துட்டான். ஆயுசோட இருக்கட்டும். அவருட்டயே கொடுத்துரு" என்றாள். ஹைருன் பீவி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு மத்தியானம் சிவகிரிக்கும் போனாள். படையலில் இலை திருப்பித்தான் போடப்பட்டிருந்தது என்றும், போட்டவர் பரமசிவன் என்றும் சொன்னாள்.

பத்து நாள் கழித்துக் குருவம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இந்தத் தடவை தனியாக. டோக்கன் எடுத்து, பெயர் கூப்பிடும்வரை இருந்து, உள்ளே வந்து நாற்காலியில் ஏறிப் படுத்தாள்.

"என்ன பண்ணுது உங்களுக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

"ஒண்ணும் பண்ணல. அவனுக்கு இருந்தாப்பல எனக்கும் கால் கூட இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. இதெல்லாம் ரத்தத்துல வரும்னு எம் மவ சொன்னா."

வரும், சில வீடுகளில் வருகிறதுதான் என்றார் டாக்டர். இரண்டு பக்கமும் படம் எடுத்தார்கள். ஹைருன் பீவிதான் வாய்க்குள் எக்ஸ்ரே தகட்டை வைத்துப் பிடித்தாள். திரையில் பல் வந்ததும், டாக்டர் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பொய் சொல்லலாமா என்று அந்த ஒரு நொடி தோன்றியதாம்.

"ரெண்டுதான் அக்கா. ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு காலுதான்."

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்துட்டேன்."

"அப்ப அவன் அப்பன் வழியா இருக்குமோ? அவரு போயி பன்னெண்டு வருசமாச்சு. அவரைப் பாக்க முடியாதே." கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒன்றும் இல்லாத இடத்தில் எதையோ தேடுவதுபோல இருந்தது என்றாள் ஹைருன் பீவி. பிறகு எழுந்து சேலையைச் சரிசெய்தாள்.

"இல்லாட்டிப் போவுது. என்கிட்டருந்தும் வரல, யார்கிட்டருந்தும் வரலைன்னா, அந்தக் காலு அவனாச் செஞ்சுக்கிட்டது" என்று சொல்லிவிட்டு, சிவகிரி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இறங்கி நடந்தாள்.